முருங்கைக்கீரை, கேழ்வரகு, பேரீச்சை எல்லாம் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை: இரும்பு எங்கே போகிறது?

வைகைக்கரை கேட்டது:

தங்கைக்காகக் கேட்கிறேன். வயது 34, எடை 52 கிலோ, சுத்த சைவம், முட்டையும் கிடையாது. போன வாரப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.4, எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) 72, சிவப்பணு எண்ணிக்கை 44 லட்சம், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது) 9. ஆறு மாதத்துக்கு முன்பு ஹீமோகுளோபின் 10.6. இடைப்பட்ட ஆறு மாதமும் இரும்புச்சத்து என்று சொல்லப்படுகிற எல்லாவற்றையும் சாப்பாட்டில் சேர்த்தாயிற்று.

ஒரு நாள் சாப்பாடு இதுதான். காலை 7 மணிக்கு நாலு இட்லி, சட்னி, கூடவே ஃபில்டர் காபி. 11 மணிக்குப் பால் ஊற்றிய கேழ்வரகுக் கஞ்சி, வெல்லம் போட்டு. மதியம் சோறு, சாம்பார், முருங்கைக்கீரைப் பொரியல், கடைசியில் தயிர். 4 மணிக்கு டீ, பிஸ்கட். இரவு தோசை அல்லது சப்பாத்தி. படுக்கும் முன் நாலு பேரீச்சம்பழம், ஒரு டம்ளர் பால்.

இத்தனை சாப்பிட்டும் ஏன் ஏறவில்லை? எதை மாற்ற வேண்டும்? மருத்துவர் இரும்பு மாத்திரை எழுதியிருக்கிறார். வயிற்றைப் புரட்டுகிறது என்று நிறுத்திவிட்டாள். உணவை வைத்தே சரிசெய்ய முடியுமா?

தராசுமுள் எழுதியது:

முதலில் அந்தத் தட்டை எடை போட்டுவிடலாம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுப் பகுப்பாய்வு அட்டவணையை வைத்துச் சொல்கிறேன். நாள் முழுக்கச் சேர்த்து 200 கிராம் அரிசி என்றால் இரும்பு 1.3 மி.கி. கேழ்வரகு மாவு 40 கிராமில் 1.8. சாம்பாரில் துவரம்பருப்பு 30 கிராம், அதில் 1.2. இட்லி தோசைக்குள் இருக்கும் உளுந்து 25 கிராமில் 1.2. முருங்கைக்கீரை 50 கிராமில் 2.3. பேரீச்சம்பழம் நாலில் 1 என்று தாராளமாக வைப்போம். வெல்லம் 10 கிராமில் அரை மி.கி. கூடத் தேறாது. காய்கறி, மற்றதெல்லாம் சேர்த்து 2. எல்லாம் கூட்டினால் 11 மி.கி. பக்கம் வருகிறது. வளர்ந்த பெண்ணுக்கு ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2020இல் பரிந்துரைத்த அளவு 29 மி.கி. ஆக, முதல் பதில் எளிது: "இரும்புள்ள உணவு" என்று பெயர் வாங்கியவை தட்டில் இருக்கின்றன, இரும்பு போதுமான அளவு இல்லை.

முருங்கைக்கீரையை யாரும் குறை சொல்ல வேண்டாம், அது அருமையான கீரை. 100 கிராமுக்கு 4.5 மி.கி. இரும்பு உண்டு. ஆனால் உருவிய இலை 100 கிராம் என்பது பெரிய குவியல். ஒருவர் தட்டில் விழுவது அதில் பாதிகூட இருக்காது. பேரீச்சைக்கும் வெல்லத்துக்கும் இருக்கிற பெயர் அவற்றில் இருக்கிற இரும்பைவிட மிகப் பெரிது.

இரண்டாவது விஷயம் இதைவிட முக்கியம். அந்த 11 மி.கி.யில் உடலுக்குள் போவது எவ்வளவு?

உப்பு கூடினால் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். இரும்புக்கு உடலில் அப்படி ஒரு கழிவுவாய் கிடையாது. தோல் செல்லும் குடல் செல்லும் உதிர்வதில் நாளுக்குச் சுமார் 1 மி.கி. போகும், அவ்வளவுதான். சிவப்பணு 120 நாள் வாழ்ந்து உடைந்தாலும் அதன் இரும்பை உடல் அப்படியே எடுத்து அடுத்த பணுவுக்குப் போட்டுக்கொள்கிறது. நாள்தோறும் 20–25 மி.கி. இப்படி உள்ளேயே சுற்றுகிறது. வெளியேற்ற வழி இல்லாததால் கட்டுப்பாடு முழுவதும் நுழைவாசலில்தான் நடக்கிறது. அந்த வாசல் இரைப்பையை அடுத்து வரும் முன்சிறுகுடல்.

கீரை, தானியம், பருப்பில் இருக்கும் இரும்பு பெரும்பாலும் ஃபெரிக் வடிவம். இரைப்பை அமிலம் அதைக் கரைக்கிறது. முன்சிறுகுடலுக்கு வந்ததும் அமிலம் தணிகிறது. அந்த இடத்தில்தான் ஆபத்து. பக்கத்தில் ஃபைடேட் (தானியமும் பருப்பும் பாஸ்பரஸைச் சேமித்து வைக்கும் பொருள்) இருந்தாலோ, காபி டீயின் பாலிஃபீனால் (துவர்ப்புப் பொருள்) இருந்தாலோ இரும்பு அதோடு ஒட்டிக்கொண்டு கரையாத கசடாகி, மலத்தோடு போய்விடும். வைட்டமின் சி இருந்தால் அது முந்திக்கொண்டு இரும்பைப் பிடித்துக் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கும், ஃபெரஸ் வடிவமாகவும் மாற்றும். குடல் செல்லின் வாயில் இருக்கும் கடத்திப் புரதம் ஃபெரஸைத்தான் உள்ளே விடும்.

உள்ளே போனதும் வேலை முடியவில்லை. செல்லின் மறுபக்கம் ஃபெரோபோர்ட்டின் என்ற கதவு இருக்கிறது, அது வழியாக ரத்தத்துக்குப் போக வேண்டும். அந்தக் கதவைப் பூட்டும் சாவி ஹெப்சிடின், கல்லீரல் சுரக்கிற ஹார்மோன். உடலில் இரும்பு நிறைந்திருந்தால் ஹெப்சிடின் கூடும், கதவு மூடும், இரும்பு குடல் செல்லுக்குள்ளேயே தங்கும். மூன்று முதல் ஐந்து நாளில் அந்தச் செல் உதிரும்போது இரும்பும் கூடவே போய்விடும். இரும்பு குறைந்தவர்களுக்கு ஹெப்சிடின் தாழ்ந்து கதவு அகலத் திறந்திருக்கும்.

உங்கள் தங்கைக்கு ஃபெரிட்டின் 9 என்றால் கதவு திறந்துதான் இருக்கும். வாசல்வரைக்கும் இரும்பு கரைந்த நிலையில் வந்து சேரவில்லை என்பதுதான் சிக்கல். இட்லியோடு காபி, கேழ்வரகோடு பால், பேரீச்சையோடு பால் என்று ஒவ்வொரு வேளையிலும் இரும்பு ஒரு தடைப்பொருளோடு ஜோடி சேர்ந்து இறங்குகிறது. இப்படிப்பட்ட சாப்பாட்டில் 5 முதல் 8 சதவீதம் உறிஞ்சப்படுவதாக வைத்தால் நாளுக்கு 0.6–0.9 மி.கி. செலவு என்ன? அடிப்படை இழப்பு 1 மி.கி. பக்கம், மாதவிடாயில் சராசரியாக 30–40 மி.லி. ரத்தம் போனால் அதை நாளுக்குப் பிரித்தால் இன்னும் அரை மி.கி. வரவைவிடச் செலவு கூடுதல். ஏறுவதற்கு மிச்சம் எதுவும் இல்லை.

மாத்திரையைத் தவிர்க்க முடியுமா என்ற கேள்விக்கும் கணக்கே பதில் சொல்லும். 52 கிலோ உடம்பில் ரத்தம் ஏறக்குறைய 3.4 லிட்டர். ஹீமோகுளோபினை 10.4இலிருந்து 12.5க்குக் கொண்டுவர 70 கிராம் ஹீமோகுளோபின் புதிதாக வேண்டும். ஒரு கிராமுக்கு 3.4 மி.கி. இரும்பு, ஆக 240 மி.கி. காலியாகக் கிடக்கும் சேமிப்பை ஓரளவு நிரப்ப இன்னொரு 250. மொத்தம் 500 மி.கி. உணவை நன்றாகச் சீர்செய்து, செலவு போக நாளுக்கு அரை மி.கி. மிச்சம் பிடித்தாலும் 1,000 நாள். அதனால் பள்ளத்தை மாத்திரை நிரப்பட்டும், மறுபடி பள்ளம் விழாமல் உணவு பார்த்துக்கொள்ளட்டும். இரண்டில் ஒன்றை விட்டாலும் அடுத்த வருடம் இதே ரிப்போர்ட்தான் கையில் இருக்கும்.

குதிர் எழுதியது:

கணக்கைத் தராசுமுள் சொல்லிவிட்டார், நான் அடுப்படிப் பக்கம் வருகிறேன்.

செலவில்லாமல் இன்றைக்கே மாற்றக்கூடியது காபி. சாப்பாட்டோடு குடிக்கும் காபி அந்த வேளை இரும்பு உறிஞ்சுவதைச் சுமார் 40 சதவீதம் குறைக்கிறது, டீ 60 சதவீதம்வரை. இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் குடித்த காபி தடுக்கவில்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தது, கூடவே குடித்த அளவுக்குத் தடுத்தது. உணவு அப்போதும் இரைப்பையில்தான் இருக்கிறது, காபி போய் அதில் கலந்துவிடுகிறது. ஆகவே காபியை விட வேண்டியதில்லை, முன்னால் தள்ளுங்கள். எழுந்ததும் ஆறு மணிக்குக் காபி, இட்லி ஏழே காலுக்கு மேல். மாலை டீக்குப் பிரச்சினை இல்லை, மதியச் சாப்பாட்டுக்கும் அதற்கும் நல்ல இடைவெளி இருக்கிறது. சாப்பிட்ட பிறகுதான் குடிப்பேன் என்றால் இரண்டு மணி நேரமாவது போகட்டும்.

அடுத்தது எலுமிச்சை. "கீரையில் எலுமிச்சை பிழிந்தால் போதும்" என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எலுமிச்சைச் சாறு 100 மி.லி.யில் வைட்டமின் சி சுமார் 48 மி.கி. தான். நம் ஊர் சின்னப் பழம் ஒன்றில் 20 மி.லி. சாறு வந்தால் அதிகம். அரை மூடி பிழிந்தால் 5 மி.கி. கிடைக்கும். இரும்பு உறிஞ்சுதல் இரண்டு மூன்று மடங்கு ஏற அந்த வேளையில் 50 மி.கி. பக்கம் தேவை. அதற்குக் கொய்யாதான் சரி: 100 கிராமில் 200 மி.கி.க்கு மேல், சாப்பாட்டோடு கால் பழம் கடித்தாலே போதும். பெருநெல்லி ஒன்றும் அதே வேலை செய்யும். எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமும் கொஞ்சம் உதவும் என்பதால் அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் அடுப்பை அணைத்த பிறகு பிழியுங்கள், கொதிக்கும்போது பிழிந்தால் இருக்கிற வைட்டமின் சியும் போய்விடும். நெல்லியைத் துவையலாகப் பச்சையாக அரைத்துச் சாப்பிடுங்கள். வதக்கி வேக வைத்த நெல்லியில் சி கணிசமாகக் குறைந்திருக்கும். தேனில் ஊறி மாதக்கணக்கில் கிடந்ததையும் கணக்கில் வைக்காதீர்கள்.

கொய்யாவைச் சாப்பாட்டோடு சாப்பிட வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். காலையில் நெல்லி, மதியம் கீரை என்று பிரித்தால் ஒன்றுக்கு ஒன்று உதவாது. இரண்டும் இரைப்பையில் சந்திக்க வேண்டும்.

இனி கேழ்வரகு. இது கால்சியத்துக்கு ராஜா, 100 கிராமில் 364 மி.கி. இரும்புக்கு மட்டும் அதை நம்பாதீர்கள். உள்ள 4.6 மி.கி.யையும் ஃபைடேட்டும் தோலின் டானினும் கட்டிப்போடுகின்றன. அதன்மேல் பாலையும் ஊற்றினால் இன்னும் மோசம். கேழ்வரகு வேண்டுமென்றால் முளைகட்டிச் செய்யுங்கள். தானியம் முளைக்கும்போது ஃபைடேஸ் என்ற நொதி விழித்துக்கொண்டு ஃபைடேட்டை உடைக்கிறது.

ஒரு கிலோ கேழ்வரகை மூன்று நான்கு முறை கழுவிக் கல் அரித்து, மூன்று லிட்டர் தண்ணீரில் 10–12 மணி நேரம் ஊறவையுங்கள், நடுவில் ஒருமுறை தண்ணீர் மாற்றி. நன்றாக வடிய விட்டு, ஈரப் பருத்தித் துணியில் தளர்வாகக் கட்டி, அடியில் காற்றுப் போகும் கூடையில் வையுங்கள். ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்துக் கிளறிவிட வேண்டும். 24 முதல் 36 மணி நேரத்தில் அரை சென்டிமீட்டருக்குமேல் வெள்ளை முளை வரும். பரப்பி, கையில் நொறுங்கும் அளவு காயவைத்து, தேய்த்து முளையை உதிர்த்துப் புடைத்துவிட்டு, சிறு தீயில் வாசம் வரும்வரை மட்டும் வறுத்து அரைக்கலாம்.

பாழாவது பெரும்பாலும் கட்டும் இடத்தில்தான். இறுக்கிக் கட்டினால் நடுவில் சூடேறிப் பிசுபிசுக்கும், புளித்த நாற்றம் வரும். வடியவிடாமல் கட்டினாலும் அப்படித்தான். கறுப்போ பச்சையோ பூஞ்சை ஒரு இடத்தில் தெரிந்தாலும் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள், அந்த இடத்தை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டுப் பயன்படுத்தக் கூடாது. இன்னொரு பிழை சத்துமாவு அரைப்பவர்கள் செய்வது: எல்லாத் தானியத்தையும் முளைகட்டாமலேயே சிவக்க வறுத்து அரைப்பது. வறுத்தால் நொதி செத்துவிடும், ஃபைடேட் அப்படியே இருக்கும். வேக வைத்தாலும் குக்கரில் விட்டாலும் ஃபைடேட் பெரிதாகக் குறையாது. உடைப்பது நொதிதான், சூடு அல்ல.

முளைகட்ட நேரமில்லையா, பழைய வழி இருக்கவே இருக்கிறது. முதல் நாள் இரவே மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, மறுநாள் கூழ் காய்ச்சி, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு குடிப்பது. புளிப்பு ஏறும்போது ஃபைடேஸ் வேலை செய்ய ஏற்ற அமில நிலை வருகிறது. வெங்காயமும் பூண்டும் தானியம், பருப்பிலிருந்து இரும்பும் துத்தநாகமும் கூடுதலாகக் கரைந்து வரச் செய்கின்றன என்று மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தார் ஆய்வகச் செரிமானச் சோதனையில் கண்டிருக்கிறார்கள். கூழுக்கு வெங்காயம் ருசிக்கு மட்டுமல்ல.

இட்லி மாவுக்கும் இதுதான் விதி. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் புளித்துப் பொங்கிய மாவில் ஃபைடேட் குறைந்திருக்கும். அரைத்தவுடன் சோடா போட்டு ஊற்றினால் இட்லி உப்பும், புளிப்பின் பலன் ஒன்றும் கிடைக்காது.

தட்டில் இரும்பைக் கூட்டுவதற்குப் பயறு பக்கம் போங்கள். கறுப்புக் கொண்டைக்கடலை 50 கிராம் (உலர்ந்த எடை) 3.4 மி.கி., கொள்ளு 30 கிராம் 2.6, எள் 10 கிராம் 1.4, கம்பு 60 கிராம் 3.8. இது நாலையும் சேர்த்தால் இன்னொரு 11 மி.கி. வந்துவிடும், அதாவது இப்போதைய தட்டு இரட்டிப்பாகும். தினம் நாலும் வேண்டாம், மாற்றி மாற்றி வரட்டும். கொண்டைக்கடலையும் கொள்ளும் இரவு முழுக்க ஊறி, ஒரு நாள் முளைவிட்டால் நல்லது. ஊறிய தண்ணீரை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

இருவருக்கும் நன்றி. குதிர் அக்கா சொன்ன காபி நேரம் நாளையிலிருந்தே மாறும். மூன்று சந்தேகம். தயிரையும் மதியம் நிறுத்த வேண்டுமா? இரும்புக் கடாயில் சமைத்தால் பலன் உண்டா? மாத்திரை புரட்டாமல் இருக்க ஏதாவது வழி?

நுண்ணோக்கி எழுதியது:

மாத்திரைக்கு முன் ரிப்போர்ட்டைப் பற்றி இரண்டு வரி. எம்.சி.வி. 72 என்பது சிவப்பணு சிறுத்திருப்பதைக் காட்டுகிறது. இரும்புக் குறைவிலும் சிறுக்கும், தலசீமியா (பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடு) மரபணு ஒன்றைச் சுமப்பவர்களுக்கும் சிறுக்கும். பிரித்தறிய ஒரு சின்ன வகுத்தல் இருக்கிறது: எம்.சி.வி.யை மில்லியன் கணக்கிலான சிவப்பணு எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 72 ÷ 4.4 = 16.4. 13க்குக் கீழே வந்தால் தலசீமியா சுமப்பவரா என்று பார்க்கச் சொல்வார்கள், மேலே வந்தால் இரும்புக் குறைவின் பக்கம். இது ஒரு கைகாட்டிதான். ஃபெரிட்டின் 9 இருப்பதால் இங்கே சந்தேகம் குறைவு, 15க்குக் கீழே என்றால் சேமிப்பு காலி. ஃபெரிட்டின் 40, 50 என்று வந்திருந்தால் அவசரப்பட்டு நல்லது என்று சொல்லியிருக்க மாட்டேன். காய்ச்சல், தொற்று, அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். அதே அழற்சி ஹெப்சிடினையும் ஏற்றிக் கதவை மூடிவிடும், மாத்திரை போட்டும் ஏறாததற்கு அதுவும் ஒரு காரணம்.

முட்டையும் இல்லாத சைவம் என்பதால் வைட்டமின் பி12 ஒருமுறை பார்த்துவிடுங்கள். பி12 குறைந்தால் பணு பெருக்கும், இரும்பு குறைந்தால் சிறுக்கும். இரண்டும் சேர்ந்து குறைந்தால் எம்.சி.வி. நடுவில் நின்று எல்லாம் சரி என்பதுபோல் தோன்றும். இரும்பு ஏறிய பிறகு பி12 குறை தலைதூக்குவது உண்டு.

இப்போது மாத்திரை. பெட்டியில் எழுதியிருக்கும் உப்பின் எடை வேறு, அதிலுள்ள இரும்பின் எடை வேறு. ஃபெரஸ் ஃபியூமரேட்டில் மூன்றில் ஒரு பங்குதான் இரும்பு, குளுக்கோனேட்டில் எட்டில் ஒரு பங்கு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் மாத்திரையில் இரும்பு 60 மி.கி., ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம். கடையில் எழுதிக்கொடுப்பது பல நேரம் 100 மி.கி. இரும்பு. புரட்டல் என்பது பெரும்பாலும் அளவைப் பொறுத்தது, உறிஞ்சாமல் குடலில் தங்குகிற இரும்புதான் வயிற்றைக் கிளறுகிறது.

இதற்கு ஹெப்சிடினே ஒரு வழி காட்டுகிறது. 60 மி.கி. இரும்பு போட்டால் ஹெப்சிடின் ஏறி 24 மணி நேரம் உயர்ந்தே நிற்கும். மறுநாள் போடும் மாத்திரை பாதி மூடிய கதவில் போய் முட்டும். சூரிச்சில் இரும்பு குறைந்த பெண்களிடம் பார்த்து 2017இல் வெளியான ஆய்வில், தினமும் போட்டவர்கள் 16 சதவீதமும் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டவர்கள் 22 சதவீதமும் உறிஞ்சினார்கள். வயிறு தாங்காதவர்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் என்பது நியாயமான வழி. ஒருநாள் விட்டு ஒருநாள் 60 மி.கி., அதில் 20 சதவீதம் என்றால் நாளுக்குச் சராசரி 6 மி.கி.; தராசுமுள் சொன்ன 500 மி.கி. பள்ளம் மூன்று மாதத்தில் நிரம்பும். கர்ப்பிணிகள் இதைப் பார்த்துத் தாமாக மாற்றிக்கொள்ளக் கூடாது, அவர்களுக்குத் தினசரி 180 நாள் என்பதே அரசுத் திட்டம். உங்கள் தங்கையும் எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் "60 மி.கி., ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா" என்று கேட்டுவிட்டு மாற்றட்டும்.

நேரம்: காலையில் ஹெப்சிடின் தாழ்ந்திருக்கும், பொழுது ஏற ஏற அதுவும் ஏறும். எனவே காலை வெறும் வயிற்றில், தண்ணீரோடு. காபி, பால், அமிலம் குறைக்கும் மருந்து எதுவும் கூடாது. மாத்திரை போட்டால் காபி ஒரு மணி நேரத்துக்காவது தள்ளட்டும். அந்த நாட்களில் எழுந்ததும் காபி என்ற ஏற்பாடு நடக்காது. மாத்திரை இல்லாத நாளில் நடக்கும். வெறும் வயிற்றில் தாங்கவே முடியவில்லை என்றால் ஒரு வாழைப்பழமோ இட்லியோ சாப்பிட்டுப் போடலாம், உறிஞ்சுவது குறையும், ஆனால் மாத்திரையை நிறுத்துவதைவிட மேல். கால்சியம் மாத்திரை இருந்தால் இரவுக்கு மாற்றுங்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் இரண்டுக்கும் நடுவே நாலு மணி நேரம் வேண்டும், இல்லாவிட்டால் இரும்பு அதைப் பிடித்துக்கொள்ளும். நெஞ்செரிச்சலுக்குப் பான்டோபிரசோல் போன்றது தினமும் எடுத்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அமிலம் இல்லாத இரைப்பையில் இரும்பு கரையாது.

மலம் கறுப்பது இயல்பு. பிசினாக ஒட்டி, கடும் நாற்றத்தோடு தார் போலப் போனால் மட்டும் அது வேறு, குடலில் ரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

நாலு வாரத்தில் ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறினால் வழி சரி. 12 தாண்டியதும் பெரும்பாலோர் நிறுத்திவிடுவார்கள், பிறகு ஆறு மாதத்தில் திரும்ப இறங்கும். ரத்தம் நிரம்பிய பிறகுதான் கிடங்கு நிரம்பத் தொடங்கும், ஆகவே அதன் பிறகும் மூன்று மாதம் தொடரட்டும், கடைசியில் ஃபெரிட்டின் பார்த்து நிறுத்தலாம். ஒழுங்காகப் போட்டும் ஏறவில்லை என்றால் எங்கோ ஓட்டை. மாதவிடாயில் 80 மி.லி.க்கு மேல் போகிறதா, அதாவது கட்டி கட்டியாகவோ ஏழு நாளுக்கு மேலோ, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பேட் மாற்றும் அளவுக்கோ போகிறதா என்று கேளுங்கள். அது மாதம் 30 மி.கி. இரும்பு. வெறுங்காலோடு தோட்ட மண்ணில் வேலை செய்பவராக இருந்தால் குடலில் ரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழு இருக்கலாம். அதற்கு அல்பெண்டசோல் 400 மி.கி.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இந்த மாத்திரை அட்டையைப் பூட்டி வையுங்கள். மிட்டாய் என்று நினைத்து நாலைந்து விழுங்கினாலே உயிருக்கு ஆபத்து.

தராசுமுள் எழுதியது:

தயிர் விஷயத்தில், பாலைப் பற்றிக் குதிர் சொன்னதிலிருந்து கொஞ்சம் விலகுகிறேன். கால்சியம் ஒரு வேளை உணவில் இரும்பைத் தடுக்கும், உண்மை. ஒரே வேளைச் சோதனைகளில் 300 மி.கி. கால்சியம் பாதிவரைகூடக் குறைத்திருக்கிறது. ஆனால் வாரக்கணக்கில் முழுச் சாப்பாட்டோடு பார்த்த ஆய்வுகளில் இரும்பு நிலை அப்படி இறங்கவில்லை. காபி, ஃபைடேட் இரண்டும் பெரிய திருடர்கள், கால்சியம் சில்லறைத் திருடன். முட்டையும் இல்லாத ஒருவருக்குப் பி12 இயற்கையாகக் கிடைக்கும் முக்கிய உணவு பாலும் தயிரும்தான். அதைப் பிடுங்கிவிட்டு இரும்பைக் காப்பாற்றுவது சரியான பேரம் இல்லை. கொண்டைக்கடலையும் கீரையும் இருக்கும் வேளையில் தயிரைக் குறைத்து, கொய்யாவை வைத்து, தயிரை இரவு தோசையோடு சேர்த்துக்கொண்டால் போதும்.

குதிர் எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன். தயிரை நிறுத்த வேண்டாம், வேளையை மாற்றுங்கள். படுக்கும்போது குடிக்கும் பாலும் அப்படியே இருக்கட்டும், பேரீச்சையை மட்டும் 11 மணிக்குக் கொண்டுபோங்கள், ஒரு கை வறுத்த எள்ளோடு.

இரும்புக் கடாய்க்குப் பலன் உண்டு, புளிப்புள்ளதைக் கொதிக்க வைத்தால்தான். வத்தக்குழம்பு, தக்காளித் தொக்கு, கீரைப் புளிக்கடைசல் எல்லாம் இருபது நிமிடம் கொதிக்கும்போது இரும்பு நன்றாக இறங்கும். தோசைக்கல்லில் எண்ணெய் தடவி ஊற்றும் தோசையில் அவ்வளவு வராது. அப்படி இறங்கும் இரும்பும் கீரை இரும்பு போலத்தான், காபியைப் பார்த்தால் கட்டுப்பட்டுவிடும். சமைத்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். கடாயிலேயே விட்டால் கறுத்து, நாக்கில் உலோகச் சுவை அடிக்கும். துரு ஏறியிருந்தால் தேய்த்து எடுத்து, எண்ணெய் பூசிக் காய்ச்சி, பிறகு சமையுங்கள்.

ரேஷன் அரிசி வாங்கும் வீடா? அப்படியென்றால் அதில் கொஞ்சம் வெளிறிய, வித்தியாசமான மணிகள் கிடக்கலாம், நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில். பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கிப் போடுகிறார்கள். அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அச்சில் செய்த மணிகள் அவை. அவை கலந்த அரிசியில் கிலோவுக்கு இரும்பு 28 முதல் 42.5 மி.கி. இருக்க வேண்டும் என்பது விதி. அந்த அரிசியை 200 கிராம் சமைத்தால் குறைந்தது 5 மி.கி. வரும், அதாவது 100 கிராம் முருங்கைக்கீரையில் இருப்பதைவிடக் கூடுதல். பொறுக்க வேண்டாம். பலமுறை அலசி ஊறவைக்காமல், இரண்டு தரம் கழுவி, கஞ்சி வடிக்காமல் பொங்கினால் பெரும்பகுதி தட்டுக்கு வரும்.